மாலை கழற்றாத வானத்துச் சாமியார்கள்

பாறசாலை முதல் பனச்சமூடு வரை, வேற்றுக்கிரக மடத்தில் சேர்ந்து துறவியான ஒரே ஆள் எங்கள் வாள்சாமிதான். மடம் சினிமாவில் மட்டுமே இருக்கிறது என்பதெல்லாம் அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை.

அமரவிளையில் என் செல்போன் கடைக்குப் பக்கத்தில் அவனுடைய மைக் செட் கடை. நெய்யாற்றின்கரை தியேட்டரில், நீள அங்கி போட்ட சாமியார்கள் ஒளிவாள் சுழற்றி விண்வெளியைக் காக்கும் படம் ஒன்றைப் பார்த்தான். மறுநாளே பந்தலில் மிஞ்சிய தவிட்டு நிறத் துணியில் அங்கி, கையில் பியூஸ் போன டியூப்லைட்.

"கோவம் இல்ல, பயம் இல்ல, பாசம் இல்ல, கல்யாணமும் இல்ல. எங்க சட்டம் அதாக்கும், மக்கா!"

டியூப்லைட்டை நான் தவறி உடைத்த அன்று சட்டத்தின் முதல் பகுதி காற்றில் பறந்தது. அவன் விட்ட வசவை இங்கே எழுதினால் பத்திரிகை ஆசிரியர் என்னைச் சும்மா விடமாட்டார்.

அந்தச் சாமியார்கள் கையை நீட்டினால் கப்பலே நகருமாம். சர்ச் திருவிழாவில், பிரசங்கத்தின் நடுவே ஜெனரேட்டர் நின்றுபோனது. இவனும் கண்ணை மூடிக் கையை நீட்டினான். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. பாதிரியார்தான் மெல்லக் கேட்டார்: "மக்கா, டீசல் ஊத்தினியா?"

அங்கி மட்டும் வாரந்தோறும் கிழியும். எதிர்த்த தையல்கடை லதாவிடம் தைக்கக் கொண்டுபோவான். திரும்பி வரும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே, பாசமில்லாத முகமா அது!

இந்த லட்சணத்தில், வரும் ஞாயிறு லதாவைப் பெண் பார்க்க ஆரியங்கோட்டு ரப்பர் தோட்டக்காரர் வருவதாகச் செய்தி. வாள்சாமி என் கடையில், வாங்கி வைத்த பரோட்டாவைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான்.

"போய்ச் சொல்லுலே!" என்றேன்.

"சட்டம் சம்மதிக்காதுலே" என்று மூக்கை உறிஞ்சினான்.

பொறுக்கமாட்டாமல் லதாவே வந்துவிட்டாள்.

"சேட்டா, வருசா வருசம் சபரிமலைக்கு மாலை போடுதீங்கல்லா?"

"உண்டு."

"மலைக்குப் போயிட்டு வந்தா?"

"குருசாமி கழத்தி விடுவாரு."

"அப்ப ஒங்க வானத்துச் சாமியாருக்கு எப்பம் கழத்துவாவ?"

வாள்சாமி வாயைப் பிளந்தான். பார்த்த படங்களையெல்லாம் மனசுக்குள் ஓட்டியிருப்பான் போல. திடீரென்று மேசையில் ஓங்கி அறைந்தான்.

"அதாக்கும் கோளாறு! போட்டு விடுதானுவ, கழத்த ஆளில்ல. அதுனாலதான் நல்ல பயலுவ ஒக்க கிறுக்குப் பிடிச்சு வில்லனா மாறுதானுவ!"

விரதம் முடிக்கக் குருசாமியின் கை வேண்டுமே. என் முன்னால் தலையைக் குனிந்து நின்றான்.

"எலே, நான் சர்ச்சுக்குப் போற வேதக்காரன்லே!"

"வானத்துல அதெல்லாம் நோக்கமாட்டாவ. கழத்துலே, ஞாயிறு வருது!"

அங்கியைக் கழற்றினேன். லதா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். அந்த ஞாயிறு அவள் வீட்டில் காப்பி குடித்தவன் வாள்சாமிதான்.

இப்போதும் அந்த மாதிரிப் படம் வந்தால் மூன்று பேரும் போகிறோம். திரையில் சாமியார் காதலியை விட்டுப் போகும் கட்டம் வந்ததும், வாள்சாமி லதாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "கழத்துலே, மக்கா, கழத்து!" என்று கத்துவான். தியேட்டரே திட்டும். நான் அவனை அடக்குவதில்லை. அந்த ஒரு சத்தத்தைக் கேட்கத்தான் நான் டிக்கெட் எடுப்பதே.