பிக்ஸிகளுக்குச் சீருடை வழங்கிய வரலாறு

டார்ட்மூர் புல்வெளியோரம் தாமசின் லஸ்கம் என்ற பெண் பண்ணை வைத்திருந்தாள். அவள் கணவன் இடுப்பு உடைந்து படுத்துவிட்டான். அதற்காகக் கோதுமை காத்திருக்குமா? அந்தப் பக்கத்துக் குட்டிச்சாத்தான்களான பிக்ஸிகள் பதினொன்று வந்து கதிரடித்துக் கொடுத்தன. முழங்கால் உயரம், கூர்க்காது, உடம்பில் ஒட்டுத்துணி கிடையாது. ஒரு கிண்ணம் பாலேடு வைத்தால் போதும். ஓய்வு கிடைத்தால் குதிரைப் பிடரிமயிரைச் சிக்காக்கும். வழிப்போக்கர்களை ஒரே வயலில் சுற்றவிட்டுச் சிரிக்கும். ஊருக்கு இது பழகிய தொல்லை.

மாவட்ட அலுவலகத்துக்குப் பழகவில்லை. ஆய்வாளர் ஹம்ப்ரி பிட்டில் நேரில் எழுந்தருளினார்.

"ஏம்மா, இவங்க ஏன் சீருடை போடல?"

"பிக்ஸிக்குத் துணி குடுத்தா வேலைய விட்டுட்டு ஓடிடும் ஐயா. சின்னப் பிள்ளைக்கும் தெரியும்."

"சின்னப் பிள்ளைங்க சட்டம் எழுதறதில்லம்மா."

"எழுதினா தேவலாம்."

பொதுநலன் கருதி மறுநாளே பதினொரு சாம்பல் நிறக் கோட்டுகள் வந்திறங்கின. பிக்ஸிகள் போட்டுப் பார்த்தன, கைகொட்டிச் சிரித்தன, கிளம்பிவிட்டன. பாதிக் கதிர் அடிபடாமல் கிடந்தது.

தாமசின், மனுவோடு அலுவலகம் போனாள். கீழே இருந்தவர் மாடிக்கு அனுப்பினார். மாடியில் இருந்தவர் கீழே அனுப்பினார். நாலாவது தடவை ஏறியபோதுதான் மேசைக்குப் பின்னால் கூர்க்காதுகள் தெரிந்தன. ஒரு பிக்ஸி கோப்பு நாடாக்களை அவிழ்க்க முடியாதபடி முடிந்துகொண்டிருந்தது.

"பிட்டில் ஐயா! உங்க ஆபீசுல பிக்ஸி உக்காந்திருக்கு!"

"எங்க?"

"அதோ, சன்னல் பக்கத்துல."

"அவரா? இந்த மாசத்தோட சிறந்த ஊழியராச்சே!"

"எப்ப வந்து சேந்துச்சு?"

பிட்டில் யோசித்தார். "தெரியலம்மா. வேலையில எந்த வித்தியாசமும் தெரியல."

தாமசின் விடவில்லை. கத்திய கத்தலில் பொது விசாரணை கூடியது. அலுவலகத்தில் அமர்ந்துவிட்ட பதினொரு பிக்ஸிகளையும் நீக்கலாமா என்று ஊராரைக் கேட்டார்கள். கசாப்புக்காரர் ஜோப் ட்ரீமன் எழுந்தார்.

"வேணாங்க. முன்னாடியும் சுத்தத்தான் விட்டாங்க. இதுங்களாவது நம்மளப் பாத்துச் சிரிக்குதுங்க. சிரிச்ச முகமா ஒரு அதிகாரிய நான் இப்பத்தான் பாக்குறேன்!"

ஊரே கைதட்டியது. பதினொரு பேருக்கும் பணி நிரந்தரம் என்று தீர்மானம் நிறைவேறியது.

"அப்போ என் கதிர யாரு அடிக்கிறது?" என்று தாமசின் அலறினாள். "என் வீட்டுக்காரர் எழுந்து நிக்க முடியாம கெடக்காரே! நீங்கெல்லாம் அக்கம்பக்கம்தானே, ஆளுக்கு ஒரு நாள் வரக்கூடாதா?"

அக்கம்பக்கத்தார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ட்ரீமன் மிகுந்த பணிவோடு சொன்னார்:

"ஒரு மனு எழுதிக் குடும்மா. பரிசீலிக்கிறோம்."