நெத்திலிக்குக் காவலிருந்த தியானம்

தியானம் செய்வதாகச் சொல்லிக்கொள்பவர்களில் பாதிப் பேர் தூங்குகிறவர்கள். நானும் அந்தப் பாதியில் இருந்தவன்தான், நன்றாகக் குறட்டை விட்டுக்கொண்டு.

அப்போது புதுப்பட்டினம் கடற்கரையோரம் அறையெடுத்து அரூப ஓவியம் வரைந்துகொண்டிருந்தேன் (வரைந்ததைவிடத் தாடி வளர்த்ததே அதிகம்). சொந்த ஊரான படாளத்தில் அப்பா ஒரு வருடம் கெடு வைத்திருந்தார். அதற்குள் ஒரு கண்காட்சியாவது வைக்க வேண்டும், இல்லையென்றால் அண்ணனின் லோடு வண்டியை ஓட்ட வேண்டும். கெடு முடியப் பத்து நாள் இருக்கையில், மாமல்லபுரத்தில் ஓவியக் கூடம் நடத்தும் அம்மையார் ஒருவர் வர ஒப்புக்கொண்டார். தியானத்தில் மனத்தைக் காலி செய்துவிட்டு, அவர் கண்ணெதிரே வரைவேன் என்று அளந்திருந்தேன்.

அவர் வரவிருந்த நாள் காலை வெள்ளை பூசிய பெரிய கேன்வாஸை மணலில் விரித்து, மூலைக்கொரு செங்கல் வைத்து, பத்மாசனத்தில் உட்கார்ந்தேன். மனம் காலியானது, நினைவும் கூடவே போனது.

விழித்தால் கேன்வாஸ் மேல் நெத்திலி மின்னுகிறது. அம்மையார் கண்ணாடியை ஏற்றிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள் செய்ததா? அங்கங்கே விட்டிருக்கும் இடைவெளிகள் பிரமாதம்."

ஆமாம் என்றேன். தலைப்பு 'கடலின் மௌனம்' என்றும் சேர்த்துச் சொன்னேன் (வாய் சும்மா இருக்காதே).

அதற்குள் பக்கத்துத் தெரு கன்னியம்மா அக்கா, மீன் விற்பவர், கூடையோடு வந்துவிட்டார்.

"இன்னாப்பா, கால்வாசி மீன காக்கா தூக்கினு பூட்ச்சி. துணிய விரிச்சிட்டு குந்திகினு கீறியே, காக்கா ஓட்டுவேன்னு நம்பித்தான காயப்போட்டேன்?"

அம்மையார் சிரிக்கவில்லை. செருப்பிலிருந்த மணலைத் தட்டிவிட்டுக் காரேறினார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கா அதற்கெல்லாம் மசியவில்லை. மிச்ச மீனுக்காவது காவலிரு என்று கையில் குச்சியைக் கொடுத்துவிட்டுப் போனார். மதியம்வரை மீனையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளி என்று நினைத்தது நீலமானது, கொஞ்சம் ரோஜா காட்டியது, பிறகு மெல்லப் பழுப்பேறியது. ஒரு நிறத்தை அவ்வளவு நேரம் நான் அதுவரை பார்த்ததே இல்லை.

இரண்டு வருடம் வண்டி ஓட்டினேன். அதன் பிறகே முதல் கண்காட்சி வாய்த்தது. இப்போதும் தூரிகையைத் தொடுமுன் ஒரு மணி நேரம் உட்காருவேன், கண்ணைத் திறந்தபடி. அந்தக் காலையை நினைத்தால் வெட்கத்தைவிட ஏக்கம்தான் அதிகமாக இருக்கிறது.

கண்காட்சிக்கு அக்காவையும் அழைத்திருந்தேன். வெள்ளியும் நீலமுமான ஒரு படத்தின் முன் வெகுநேரம் நின்றார். "இதுல ஒண்ணுகூட கொறையல. ஒயுங்கா காவல் காத்துகீற" என்றார்.

பக்கத்திலிருந்த என் மனைவி காதில் அது விழுந்துவிட்டது. அன்றிலிருந்து நான் தியானம் முடித்து எழுந்தால், காபியை நீட்டியபடி வீட்டில் ஒரே கேள்விதான்: "காக்கா ஓட்டியாச்சா?"