அலமாரிக்குள் மட்டும் தெரியாத கண்

க்ருஷ்யே,
வெள்ளிக்கிழமை, மதியம்.

நோவி ஸாத் நகரில் கண் வைத்தியராகப் பேரோடும் புகழோடும் விளங்கும் என் சித்தப்பா மகன் டாக்டர் வுகாஷினுக்கு, அண்ணன் ராடிவோயே அன்போடும் கொஞ்சம் நடுக்கத்தோடும் எழுதிக்கொள்வது.

நீயும் உன் மனைவி மக்களும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நம் குடும்பத்துப் புனிதர் நிக்கோலாவிடம் தினமும் கேட்டுக்கொள்கிறேன். தினமும் என்று எழுதுவது மரியாதைக்கு. இந்த வாரம் மட்டும் நிஜமாகவே தினமும். இங்கே நான் சௌக்கியம், உன் அண்ணி ஸ்மில்யா சௌக்கியம், நான் ஓட்டும் பள்ளிக்கூடப் பஸ் எங்கள் இருவரையும்விடச் சௌக்கியம். வருஷக்கணக்கில் ஒரு வரி போடாத அண்ணன் திடீரென்று பக்கம் பக்கமாக எழுதுகிறானே, காரியம் இருக்குமோ என்று நீ நினைப்பாய். இருக்கிறது. எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்று நீ ஒரு சான்றிதழ் தர வேண்டும். வருகிற செவ்வாய்க்கிழமை அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் நான் ஆஜராக வேண்டும். அதற்குள் கைக்கு வர வேண்டும்.

சிரிக்காதே. தெருமுனையில் நின்றபடியே யார் வீட்டுக் கொடியில் புது ரவிக்கை காய்கிறது என்று சொல்லும் ஆள் நான் என்பது உனக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். அதுதான் இப்போது வினையாகிவிட்டது.

பக்கத்து வீட்டு க்வோஸ்தெனை உனக்கு ஞாபகம் இருக்கும். வேலித் தகராறில் என்னோடு பேச்சு வார்த்தையை நிறுத்தியவன். அவன் ஓய்வு பெற்றதிலிருந்து குற்றவியல் நடைமுறைச் சட்டப் புத்தகத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறான்; மற்றவர்கள் சிகரெட் வைத்துக்கொள்ளும் இடத்தில். கோடையில் ஒருநாள் பின்விளக்கு எரியவில்லை என்று ஒரு இளம் இன்ஸ்பெக்டர் அவன் காரை நிறுத்தி, டிக்கியைத் திறக்கச் சொன்னான். இவன் திறப்பானா? “ஏன் நிறுத்தினீங்க, உங்க பேர் என்ன, அடையாள அட்டை எங்க, டிக்கிக்கும் பின்விளக்குக்கும் என்ன சம்பந்தம்” என்று புத்தகத்தைப் பிரித்துவிட்டான். வெயிலில் அரைப் பகல் வாதாடி இவன்தான் ஜெயித்தான். டிக்கிக்குள் இருந்தது பேத்தியின் பிறந்தநாளுக்கு வாங்கிய ஐஸ்கிரீம் கேக். வீட்டுக்கு வந்து திறந்தபோது அதைக் குடிக்கத்தான் முடிந்தது. அந்த ஆத்திரத்தில் இன்ஸ்பெக்டர்மேல் மேலிடத்துக்கு ஒரு புகார் எழுதிப் போட்டான். இன்ஸ்பெக்டருக்கு நல்ல டோஸ் விழுந்தது என்று கேள்வி. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே.

அந்த இன்ஸ்பெக்டர்தான் போன வாரம் நீதிமன்ற ஆணையோடு க்வோஸ்தென் வீட்டு வாசலில் வந்து நின்றான். கஞ்சா இருப்பதாகத் துப்பாம். வீட்டைச் சோதிக்க ஊர்க்காரர்கள் இரண்டு பேர் சாட்சிக்கு வேண்டும் என்பது சட்டம். ஒருவர் தேனீ வளர்க்கும் ஸ்ரெட்டென். இன்னொருவரைத் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை, நான் ஏற்கெனவே வேலியில் சாய்ந்துகொண்டுதான் இருந்தேன். “பெரியவரே, சோதனை எப்படி நடக்குதுன்னு நல்லா கவனிங்க. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஆட்சேபம் ஏதும் இருந்தா அறிக்கையில எழுத உங்களுக்கு உரிமை இருக்கு” என்று இன்ஸ்பெக்டர் மனப்பாடமாக ஒப்பித்தான். தம்பி, முப்பது வருஷமாக அடுத்த வீட்டை எட்டிப் பார்க்காதே என்று உன் அண்ணி என்னைத் திட்டுகிறாள். இப்போது அரசாங்கமே பார்க்கச் சொல்கிறது. பூரித்துப் போனேன்.

ஆனால் பார்க்க ஒன்றும் நடக்கவில்லை. க்வோஸ்தென் தனக்கு வக்கீல் வேண்டும் என்று கேட்டுவிட்டான். கேட்டால் மூன்று மணி நேரம் வரை காத்திருக்க வேண்டுமாம். வக்கீல் டவுனிலிருந்து வர வேண்டும். அதுவரை போலீஸ்காரர்களும் சாட்சிகளும் குற்றம் சாட்டப்பட்டவனும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்கு வந்தவர்களைச் சும்மா உட்கார வைக்க க்வோஸ்தெனின் மனைவி கோசராவுக்கு மனசு வருமா? காப்பி வந்தது, பாலாடைக்கட்டிப் பலகாரம் வந்தது, பிளம் சாராயம் வந்தது. “பணியில இருக்கேன்” என்றான் இன்ஸ்பெக்டர். “சோதனை ஆரம்பிக்கலியே, அதுவரைக்கும் விருந்தாளிதான், குடிங்க” என்றான் க்வோஸ்தென், அதற்கும் சட்டப்பிரிவு இருப்பதுபோல. ஸ்ரெட்டென் இரண்டாவது கிளாஸிலேயே தூங்கிவிட்டான்.

என்னால் சும்மா உட்கார முடியவில்லை. ஒண்ணுக்குப் போகிறேன் என்று எழுந்தேன். போகிற வழியில் உக்கிராண அறை. கதவு ஒருக்களித்திருந்தது. நீயே சொல், மூன்று வருஷமாக இலையுதிர்காலச் சந்தையில் மிளகாய்த் தொக்குக்கு, நம் அய்வாருக்கு, முதல் பரிசு கோசராவுக்கு, இரண்டாம் பரிசு உன் அண்ணிக்கு. விறகடுப்பில் மிளகாய் சுட்டு, தோலுரித்து, கை அசர அசரக் கிளறி ஜாடியில் அடைக்கிற உன் அண்ணியை யாரோ ஜெயிக்கிறார்கள் என்றால், அந்த ஜாடியை ஒருதரம் பார்க்க வேண்டாமா? அலமாரியைத் திறந்தேன். முன் வரிசையில் துணி மூடி கட்டிய ஜாடிகள், அழகு. ஒரு ஜாடியை நகர்த்தினேன். பின் வரிசை முழுவதும், தம்பி, கடையில் வாங்கிய அய்வார். லேபிள்கூடக் கிழிக்கவில்லை. சுவரோடு ஒட்டி, ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு, விரல் நுழைய இடமில்லாமல் நின்றன. திரும்பினால் வாசலில் கோசரா. ஜாடியைப் பழையபடி வைத்துவிட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று மணி நேரம் முடிந்தது, வக்கீல் வரவில்லை, சோதனை தொடங்கியது. இன்ஸ்பெக்டர் நேராக உக்கிராண அறைக்குப் போனான், அந்த அலமாரியையே திறந்தான், முன் ஜாடிகளுக்குப் பின்னால் கையை விட்டான், ஒரு பொட்டலத்தோடு கையை எடுத்தான். நான் பார்த்த இடம். விரல் நுழையாத இடம். க்வோஸ்தெனுக்கு முகம் வெளுத்தது. ஆனாலும் கைது என்றதும் நிமிர்ந்துவிட்டான். “என்ன காரணத்துக்குக் கைதுன்னு சொல்லுங்க. என் மனைவிக்குத் தகவல் குடுங்க.” “உங்க பக்கத்துலதான நிக்கிறாங்க?” “நிக்கட்டும். தகவல் குடுக்கறது உங்க கடமை.” இன்ஸ்பெக்டர் கோசரா பக்கம் திரும்பி, “அம்மா, உங்க வீட்டுக்காரரைக் கைது பண்ணியிருக்கோம்” என்றான். அவள், “சரிங்க” என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

அறிக்கை என் முன்னால் வந்தது. எனக்கு என்ன ஆயிற்றோ தெரியாது. ‘சோதனைக்கு முன்பு அந்த அலமாரியை நான் பார்த்தேன். பொட்டலம் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அப்புறம்தான் வக்கீல் வந்தார். மிச்சமிருந்த பலகாரத்தைச் சாப்பிட்டுவிட்டு, “பிரமாதமான ஆட்சேபம்” என்றார்.

அன்றிலிருந்து நிம்மதி போயிற்று. இன்ஸ்பெக்டர் தினமும் என் பஸ்ஸை நிறுத்துகிறான். டயரைத் தட்டுகிறான், ஹாரனை அடிக்கச் சொல்கிறான். நேற்று படிக்கட்டில் ஏறி நின்றுகொண்டு ரொம்பப் பாசமாகப் பேசினான். “பெரியவரே, வயசானா கண்ணு தப்பாக் காட்டும். சகஜம்தான். டாக்டர் ஒரு சீட்டுக் குடுத்தா யாரும் உங்களைத் தப்பா நினைக்கமாட்டாங்க.” அந்த ஆட்சேபம் நின்றால்தான் க்வோஸ்தென் தப்பிப்பான், விழுந்தால் சிறைதான் என்று வக்கீல் சொல்கிறார். நின்றால் என் பஸ் நிற்கும். அதுவும் போகட்டும். பொட்டலம் இல்லை என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறாய் என்று செவ்வாய்க்கிழமை கேட்பார்களே, கடை ஜாடிகளைச் சொல்லாமல் எப்படிப் பதில் சொல்வது? சொன்னால் கோசரா இந்த ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியுமா? வாழ்நாளில் கிடைத்த தலைசிறந்த வம்பு என் வயிற்றில் கிடந்து புரள்கிறது, உன் அண்ணியிடம்கூடச் சொல்லவில்லை. ஒரு வாரமாகச் சொல்லவில்லை. உடம்பு இளைத்துவிட்டது.

ஆகவே ஒரு பெண்ணின் மானத்தைக் காப்பதற்காக, முழுக்க முழுக்க அதற்காக மட்டும், நான் குருடாகத் தீர்மானித்துவிட்டேன். சான்றிதழில் ஒரு நுணுக்கம். மொத்தமாகத் தெரியவில்லை என்று எழுதினால் பஸ் லைசென்ஸைப் பிடுங்கிவிடுவார்கள். தூரப் பார்வை அருமை, அரை மீட்டருக்குள், அதுவும் அலமாரி மாதிரி இருட்டான இடங்களில் மட்டும், பொருள்கள் தெரிவதில்லை என்று எழுது. அப்படி ஒரு வியாதி இருக்கும். இல்லாவிட்டால் லத்தீனில் ஒரு பேர் வை.

உன் கைராசியும் வருமானமும் பெருகட்டும், பிள்ளைகள் உன்னைவிட உயரமாக வளரட்டும், புனித நிக்கோலா உங்கள் எல்லோரையும் கைவிடாமல் இருக்கட்டும்.

என்றும் உன் அண்ணன்,
ராடிவோயே

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடப் போனேன். தபால் நிலையத்து வரிசையில் எனக்கு முன்னால் க்வோஸ்தென், பக்கத்தில் கோசரா. இரண்டு நாள் காவலில் வைத்துவிட்டு விட்டிருந்தார்கள்; இன்னொரு புகாரைப் பதிவுத் தபாலில் அனுப்ப வந்திருக்கிறான். வேலிக்குப் பிறகு முதல் தடவையாக என்னோடு பேசினான். “யோவ், என் வீட்டு அலமாரியைத் திறந்து பாத்தியாமே. ஆணை இருந்துதா உங்கிட்ட?” நான் கடிதத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். “போலீஸே ஆணை இல்லாம தொட முடியாது. நீ யாருய்யா? சட்டவிரோதமாப் பாத்ததை நான் சாட்சியமா ஏத்துக்க மாட்டேன்” என்றான், தன்னைச் சிறையிலிருந்து காப்பாற்றும் ஒரே வரியைப் பற்றி. வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. கோசரா அவன் கையிலிருந்த புத்தகத்தை வாங்கித் தன் பைக்குள் போட்டாள். “நீ சும்மா இருய்யா. அண்ணன் பாக்கறப்ப நான் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன். தடுக்கல. வீட்டுக்காரி தடுக்கலேன்னா அது அனுமதிதான்.” பிறகு என் பக்கம் திரும்பினாள். ஊர் கேட்கிற குரலில்தான் சொன்னாள்: “செவ்வாய்க்கிழமை போய்ச் சொல்லுங்கண்ணே. பின் வரிசை கடை ஜாடி. மூணு வருஷமா கடை ஜாடிதான், மேல கொஞ்சம் பூண்டு நசுக்கிப் போட்டேன். நெருக்கி வெச்சிருக்கு, விரல் நுழையாதுன்னு சொல்லுங்க. ஒரு ஜாடியையும் நான் நகத்தல, வந்து பாத்துக்கட்டும்.” யாரும் சிரிக்கவில்லை. முத்திரை குத்துகிற பெண் முத்திரையைத் தூக்கியபடியே நின்றாள்.

கடிதத்தைப் போடாமலே வீட்டுக்கு வந்து உன் அண்ணியிடம் சொன்னேன். ஆடிப் பாடுவாள் என்று நினைத்தேன். “பரிசு குடுத்தவங்க நாக்கை யாராவது டாக்டர்கிட்ட காட்டணும்” என்றாள், அவ்வளவுதான். மேலே எழுதியிருப்பதை எல்லாம் விட்டுவிடு தம்பி. எனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது என்று ஒரு சான்றிதழ் எழுதி, திங்கட்கிழமைக்குள் அனுப்பு. அரை மீட்டருக்குள் விசேஷமாகத் தெரிகிறது என்று போடு. இருட்டிலும்.