தீபிகாவின் ஜீனும் நான்காம் இடத்துத் தோஷமும்

தியாகராய நகர்,
வெள்ளிக்கிழமை, ராகுகாலம் கழிந்தபின்

மரியாதைக்கும் அன்புக்கும் உரிய மச்சான் ராம்குமார் அவர்களுக்கு,

வைரவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கை ஜலஜாவும் உங்கள் மருமகள் தீபிகாவும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. நங்கநல்லூர் ஆஞ்சநேயர் தயவில் நீங்களாவது சௌக்கியமாக இருப்பீர்கள். இதை வாட்ஸப்பில் அனுப்பியிருக்கலாம். நீங்கள் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவீர்கள் என்பதால் கூரியரில் அனுப்புகிறேன்.

நீங்கள் கொண்டுவந்த அசோக் நகர் சம்பந்தம் அந்தரத்தில் தொங்குகிறது. ஜாதகம் பொருந்தியதும் பையன் அஸ்வத்தின் தாயார் சண்முகவடிவு அம்மாள், "இப்பல்லாம் ரத்தமும் பாக்கணும் அண்ணாச்சி" என்றார்கள் அல்லவா, நானும் தீபிகாவுக்கு முழு உடல் பரிசோதனை செய்து, வந்த ரிப்போர்ட்டின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, சாமி படத்தின் அடியில் வைத்துக் கும்பிட்டு, வெற்றிலை பாக்கோடு அனுப்பிவைத்தேன். கும்பிட்ட நேரத்தில் கொஞ்சம் படித்தும் பார்த்திருக்கலாம். சர்க்கரை, கொழுப்பு எல்லாம் தங்கம். விட்டமின் டி மட்டும் ஒன்பது, இருபதாவது இருக்கவேண்டுமாம். பக்கத்திலேயே சிவப்பு அம்புக்குறி ஒன்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது. அந்த அம்மாள் உடனே போன் போட்டு, "ஒத்தை இலக்கத்துல இருக்கே அண்ணாச்சி, நாளைக்குப் புள்ளை பெத்துக்கும்போது பொண்ணு ஒடிஞ்சிரப் போறா" என்றார்கள். நிச்சயதார்த்தத் தேதி அதோடு நின்றுபோயிற்று.

அன்றைக்கே ஜலஜா பெண்ணை மொட்டை மாடியில் வடகத்தோடு வடகமாகக் காயவைத்தாள். நான் என் பங்குக்கு உச்சிவெயிலில் பட்டினப்பாக்கம் கடற்கரையில் நடக்கவைத்தேன். மீன் கடை போட்டிருந்த அம்மா ஒருத்தி, "இன்னா நைனா, பொண்ண கருவாடு போடப் போறியா?" என்று கேட்டாள். மாத்திரையும் விழுங்கவைத்தோம். இத்தனை பாடுபட்டும் எண் ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குத்தான் நகர்ந்தது. பெண் கறுத்துவிட்டாள் என்று அசோக் நகரில் அது வேறு பேச்சானது.

கடைசியில் தீபிகா தானாகவே அடையாறில் டாக்டர் மஹதியிடம் போய், ஜீன் பரிசோதனை செய்துகொண்டு, விளக்கம் கேட்க என்னையும் இழுத்துப்போனாள். விஷயம் இதுதான் மச்சான். விட்டமின் டி ரத்தத்தில் தனியாகப் பெரும்பாலும் போகாதாம், துணைக்கு ஆள் வேண்டுமாம். ஜிசி என்று ஒரு ஜீன் சொல்லச் சொல்ல, கல்லீரல் ஒரு புரதத்தைச் செய்கிறது. அந்தப் புரதம்தான் விட்டமின் டி-யைப் பிடித்துக்கொண்டு உடம்பெல்லாம் கொண்டுபோகும். செல் உடைந்து ரத்தத்தில் சிந்துகிற குப்பையையும் அதுவே அள்ளிப்போடுமாம். நம் ஜவுளிக்கடையில் ஒரு வேலைக்கே இரண்டு பேரைத் தேடவேண்டியிருக்கிறது. தீபிகாவின் ஜீன் ஒரு தினுசு, அந்தப் புரதம் அவளுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் ஊறும். "அதனால டெஸ்ட்ல கவுண்ட் கம்மியாக் காட்டறது அங்கிள். உடம்பு எடுத்துக்கற அளவு அவளுக்குச் சரியா இருக்கு. எலும்பு ஸ்கேனும் பாத்துட்டேன், பிரமாதமா இருக்கு" என்றார் டாக்டர். எனக்குச் சட்டென்று பிடிபட்டது. பண்டல் தூக்கும் ஆள் குறைவான கடையில், தோளில் இருக்கும் பண்டலை மட்டும் எண்ணுகிறவன் சரக்கே இல்லை என்றுதான் சொல்வான். கவுண்டரில் விரித்துப்போட்ட சேலையை அவன் பார்க்கவில்லை.

இதைச் சண்முகவடிவு அம்மாளிடம் அப்படியே சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அது சரி அண்ணாச்சி, இந்த ஜீன் பொண்ணுக்கு யார் வழியில வந்துச்சு?" என்றார்கள். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று டாக்டர் சொன்னது எனக்கு நினைவிருந்தது. இருந்தாலும் எதற்கும் கேட்டுவிடுவோமே என்று மயிலாப்பூர் ஜோசியரிடம் ஜீன் ரிப்போர்ட்டை நீட்டினேன். இதற்கும் மஞ்சள் தடவியிருந்தேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "ஜீன் எங்கே உக்காந்திருக்கு?" என்றார். நான்காவது குரோமோசோம் என்றேன். "நாலாம் இடம் மாத்ரு ஸ்தானம். தாய் வழி தோஷம். சூரியன் பலம் இல்லை" என்று முடித்துவிட்டார். விட்டமின் டி-க்கும் சூரியனுக்கும் உள்ள உறவை நான் அவரிடம் வாயே திறக்காதபோது அவராகச் சொன்னதால் எனக்குப் புல்லரித்துவிட்டது. வீட்டுக்கு வந்து ஜலஜாவிடம் சொன்னேன். அதற்குப்பிறகு இந்த வீட்டில் எனக்குச் சாப்பாடு போடுவது தீபிகாதான்.

உங்கள் குடும்பத்தை நான் ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டேன் மச்சான், நான்காம் இடம் சொன்னதை எழுதினேன். இருபத்தெட்டு வயதாகிவிட்டது, இந்த இடமும் தட்டிப்போனால் பெண்ணின் மனசு ஒடிந்துவிடும் என்று எனக்கு ராத்திரியெல்லாம் கவலை. நீங்கள்தான் இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவர். இது கண்டதும் அசோக் நகர் போய், காலில் விழாத குறையாகப் பேசி, நிச்சயத்துக்கு ஒரு தேதி வாங்கிவாருங்கள். உங்கள் வீட்டில் எல்லாருக்கும் என் நமஸ்காரத்தையும் பிள்ளைகளுக்கு ஆசியையும் சொல்லவும். எல்லாரும் வெயிலில் நன்றாக நடமாடி நீண்ட ஆயுளோடு இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் பதிலையே நம்பியிருக்கும்
வைரவன்

பின்குறிப்பு: அறிவியலில் பிழை இருக்கிறதா பார் என்று கடிதத்தைத் தீபிகாவிடம் கொடுத்தேன். முழுதும் படித்துவிட்டு, "இவ்வளவு எழுதியிருக்கீங்களேப்பா, அஸ்வத் ரிப்போர்ட்ல என்ன இருந்துச்சு?" என்று கேட்டாள். மச்சான், அந்தப் பையனின் ரிப்போர்ட்டை நாம் யாருமே கேட்கவில்லை. உடனே அசோக் நகருக்குப் போன் போட்டுக் கேட்டேன். "ஆம்பளப் புள்ளைக்கு எதுக்கு அண்ணாச்சி அதெல்லாம்? அவன் சிங்கம்லா" என்றார்கள் அந்த அம்மாள். தீபிகா போனை வாங்கி, "சிங்கத்த வண்டலூர்ல விட்ருங்க அத்தை, எனக்கு ஒரு மனுஷன் போதும்" என்று சொல்லி, வணக்கமும் சொல்லி வைத்துவிட்டாள். எனக்கு முதலில் தலை சுற்றியது, பிறகு சந்தோஷமாகத்தான் இருந்தது, அதற்கும் பிறகு வெட்கமாகிவிட்டது. முதல் நாளே அந்த ரிப்போர்ட்டைக் கேட்டிருக்கவேண்டியவன் அப்பன்காரன் நான். நீங்கள் அசோக் நகர் போகவேண்டாம்.