நான் ஊதிய ட்ரம்பெட்டும் டேப்பில் விழுந்த குரலும்

மிஷினைப் பற்றி ஒன்றுமே தெரியாதவனால் ஆபத்தில்லை; என்னைப்போல் அரைகுறையாகத் தெரிந்தவனால்தான் ஆபத்து. எழுபதுகளில் அம்பத்தூரில் லேத்து வேலை, ஞாயிற்றுக்கிழமையானால் மெல்லிசைக் குழுவில் ட்ரம்பெட் என்று திரிந்துகொண்டிருந்தேன். (நினைப்பு என்னவோ பம்பாய் லெவலுக்கு!)

கரையான்சாவடியில் சரோஜாவைப் பெண் பார்த்துவிட்டு வந்தோம். எனக்குப் பிடித்துப்போய்ச் சோறு இறங்கவில்லை. அவள் அப்பாவோ பிடிகொடுக்கவில்லை.

"கச்சேரி கிச்சேரின்னு சுத்தற ஆளாமே? இன்னாதான் வாசிக்கிறீங்கோன்னு ஒருவாட்டி கேட்டுட்டு சொல்றேன்" என்றுவிட்டார்.

அடுத்த ஞாயிறு வெள்ளானூரில் ஒரு கல்யாணக் கச்சேரி. டேப்ரெக்கார்டர் இரவல் வாங்கினேன். ஜனங்களுக்கு நடுவே வைத்தால் குழந்தைகள் அழுவதெல்லாம் பதிவாகும் என்று, எல்லா மைக்கும் வந்து சேரும் மிக்ஸர் பெட்டியிலிருந்தே ஒயர் இழுக்கச் சொன்னேன். மைக்செட் கஜா ஒயரை மாட்டிவிட்டு, என் மைக்கை மூடினான்.

"உனுக்கு இன்னாத்துக்கு மைக்கு மாமே? இங்க ஊதுனா ஆவடி ஸ்டேஷன்ல கேக்குது!"

புகழ்கிறான் என்று பூரித்துப்போனேன். அன்று ஊதிய ஊதலில் பந்தலே ஆடியது.

மறுநாள் சாயந்திரம் கரையான்சாவடியில் டேப்பைப் போட்டேன். பாடகர் எதிரே உட்கார்ந்து பாடுவதுபோல் கணீரென்று வந்தார். "இதோ, இப்ப நான்" என்று நிமிர்ந்தேன். எங்கோ நாலு தெரு தள்ளி ஐஸ்காரன் போவதுபோல் 'பூம்' என்றது, அவ்வளவுதான். மைக் வழியாகப் போனதுதானே டேப்பில் ஏறும்? அது அப்போதுதான் இந்த மரமண்டைக்கு உறைத்தது.

அடுத்து புல்லாங்குழலின் முறை. அது சன்னமான சத்தம் என்று கஜா அந்த மைக்கை முழுசாகத் திறந்திருக்கிறான். அதே நேரம் பார்த்துக் குழல்காரர் காதோரம் நான் சொன்னது துல்லியமாக வந்தது: "யோவ், பந்தி ஆரம்பிச்சிட்டானுங்களா பாரு. வடை தீந்துடப் போவுது!"

கதவுக்குப் பின்னால் சரோஜா களுக்கென்று சிரித்தாள். சம்பந்தம் போச்சு என்று எனக்கு உயிரே போய்விட்டது.

"வடை கேக்குது. வாசிக்கிறது எங்க?" என்றார் அவள் அப்பா.

"ரொம்ப சத்தமா வாசிச்சேன் மாமா. அதான் கேக்கல."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "பையன் கச்சேரிக்குப் போறது சோத்துக்குத்தான். வேற கெட்ட பயக்கம் ஒண்ணும் இல்ல. முடிச்சிடலாம்" என்றார்.

இன்றைக்கும் அவர்கள் வீட்டு விசேஷத்தில் என்னை யாரும் ஊதச் சொல்வதில்லை. பந்தி விசாரிக்கத்தான் நிறுத்துவார்கள். வீட்டில் கோபம் வந்து நான் கத்தினால் சரோஜா திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள்.

"ரொம்ப சத்தமா பேசறீங்கோ. அதான் ஒண்ணும் கேக்கல."