பத்து மணித் தண்ணீர்

மேடை, மாலை, மைக் மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்துவிட்டால், அங்கே நிற்கிறவனின் புத்தி லீவு போட்டுவிடும் என்பது என் அனுபவம். மற்றவர்களுக்கு எப்படியோ தெரியாது. எனக்கு அது ஒரே ஒரு முறை நடந்தது. அந்த ஒரு முறைக்கே எங்கள் குடும்பம் இன்றுவரை சிரித்துக்கொண்டிருக்கிறது.

அப்போது நான் எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் கிளார்க். வேலைக்குச் சேர்ந்து சட்டைக் கஞ்சிகூட உதிராத புதுசு. சிவகாசிப் பக்கத்துக் கரிசல் கிராமம். ஊர்ப் பெண்களில் பாதிப் பேர் வெடிக் கம்பெனியில் வேலை. என் அக்கா எஸ்தரும் அங்கேதான். அத்தான் பம்பாய்க்குப் போனவர், போனவர்தான். கைக்குழந்தை ராணியைப் பக்கத்து வீட்டுத் தள்ளாத கிழவியிடம் விட்டுவிட்டு, வெடிக்குள் மருந்து செலுத்தும் வேலை செய்து, என்னை எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்க வைத்தவள் அக்கா. நான் படித்த லட்சணத்தைப் போகப் போகப் பார்ப்பீர்கள்.

அந்த வருடம் ஊருக்குப் பெரிய தொட்டியும் தெருக்குழாய்களும் வந்தன. எந்தத் தெருவுக்கும் கூடக் குறைய இல்லாமல், தெருவுக்கு ஒரு குழாய். சண்டை சச்சரவில்லாமல் நடந்த காரியம். தண்ணீர் விடும் நேரம் காலை பத்து முதல் பன்னிரண்டு என்று பஞ்சாயத்து போர்டு கூடித் தீர்மானித்தது. மோட்டார் போடுகிறவர் வெளியூர்க்காரர், பத்து மணி பஸ்ஸுக்குத்தான் வருவார். தீர்மானித்தவர்கள் எல்லோரும் பத்து மணிக்கு வீட்டில் இருக்கிற ஆண்கள். எல்லாத் தெருவுக்கும் ஒரே நேரம், இதைவிட நியாயம் என்ன வேண்டும் என்று எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. சிவப்பு மையில் அடிக்கோடிட்டு எழுதி, ஆபீஸ் சுவரில் நானே ஒட்டினேன்.

அக்காவிடம் சொன்னபோது அவள் சந்தோஷப்படவில்லை.

"பத்து மணிக்கு ஊருல யாருலே இருக்கா? நாங்க விடியுமுன்ன போயி, இருட்டுற நேரத்துல வாரோம். அப்ப குழாயில காத்துதான வரும்?"

"பிடிச்சு வைக்கலாமேக்கா."

"யாரு பிடிச்சு வைப்பா? நீயா?"

நான் கிளார்க். குடம் தூக்குவேனா?

அக்கா கேட்டதில் விளையாட்டு இல்லை. கம்பெனியில் குடிக்கிற தண்ணீரே மாட்டுவண்டியில் வரும். கை கழுவக் கிடைக்காது. வேலை விட்டு வரும்போது அந்தப் பெண்களின் கை, கழுத்து, சேலை எல்லாம் வெள்ளியாய் மினுங்கும். மருந்துத் தூள். குளிக்காமல் அடுப்புப் பக்கம் போகக் கூடாது. கிணறு கரிசலுக்கு நடுவில், வெகு தூரத்தில். அலுப்பில் ஒருநாள் அப்படியே அடுப்பைப் பற்றவைத்த அடுத்த தெரு சீனியம்மாவை நாங்கள்தான் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை உயிர் இல்லை.

"ராணியத் தொட முடியலலே" என்றாள் அக்கா. "வந்ததும் ஓடியாந்து கால கட்டுது. மேலெல்லாம் மருந்த வச்சுக்கிட்டு எப்படித் தூக்குறது? சாயந்திரம் ஒரு அரைமணி நேரம் தண்ணி விடட்டும். அம்புட்டுத்தான்."

பிரசிடெண்டிடம் சொன்னேன். "தீர்மானம் போட்டாச்சேப்பா! தெறப்பு விழாவுக்குப் பெரிய ஆபீசர் வாராரு. அவருகிட்ட வேணா வரவேற்புல ஒரு வரி சேத்துக்க. அவரு சொன்னா மாத்திருவோம்" என்றார். ஆக, அக்காவின் அரைமணி நேரத் தண்ணீர் என் வரவேற்புரையில் வந்து நின்றது.

அந்தக் காலத்தில் அடுக்குமொழியில் பேசாதவன் மனிதனாகவே மதிக்கப்படவில்லை. (நான் டீ கேட்டால்கூட எதுகை மோனையோடு கேட்பேன்.) மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். 'விருதுநகர் விட்டு விரைந்து வந்த வித்தகரே, வறண்ட வயலுக்கு வாய்த்த வான்மழையே' என்று ஆரம்பித்து, பக்கம் பக்கமாகப் புகழ்ந்து, கடைசி வரியில் சாயந்திரத் தண்ணீரை வைத்தேன். அக்காவுக்குப் படித்துக் காட்டினேன்.

"நல்லாருக்கு. அந்தக் கடைசி வரிய முதல்ல சொல்லிட்டா என்ன?"

"இலக்கணம் தெரியாம பேசாதக்கா."

விழாவும் காலை பத்து மணிக்குத்தான். பிரசிடெண்ட் வந்து பார்த்தால், குழாயடியில் வேட்டி கட்டிய ஆண்களும் இரண்டு ஆடுகளும். குடத்தோடு ஒரு பெண்கூட இல்லை. "போட்டோவுக்கு என்னப்பா செய்ய?" என்று தலையில் கைவைத்தவர், கம்பெனி முதலாளியைப் பிடித்து லாரி அனுப்பச் சொன்னார். லாரி நிறையப் பெண்கள் வந்து இறங்கினார்கள். வேலையில் இருந்தவர்கள் அப்படியே வந்திருந்தார்கள். வெயிலில் அத்தனை பேரும் மினுமினுத்தார்கள். வீட்டுக்கு ஓடிக் குடத்தை எடுத்துவந்து குழாயைச் சுற்றி நின்றார்கள்.

எங்கள் ஊர்ப் பக்கம் சரவெடி இல்லாமல் எதுவும் திறக்காது. பெட்டிக்கடை திறந்தாலும் வெடி, பெரிய மனிதர் வாய் திறந்தாலும் வெடி. குழாய்க்குப் பக்கத்து வேப்பமரத்தில், வெடிக்குப் பேர்போன விஸ்வநத்தத்திலிருந்து வந்த பெரிய சரம் ஒன்று தொங்கியது. ஆபீசர் குழாயைத் திறந்ததும் அதைப் பற்றவைக்கும் கௌரவம் எனக்கு. வெடி செய்கிற ஊரில், வெடி மருந்தைப் பூசிக்கொண்டு நிற்கிற பெண்களுக்குப் பக்கத்தில் வெடி வைக்கப்போகிறோம் என்பது அங்கே இருந்த ஒரு ஆணுக்கும் தோன்றவில்லை. கம்பெனிக்குள் தீப்பெட்டி கொண்டுபோனால் சீட்டைக் கிழிக்கிற முதலாளிக்கும் தோன்றவில்லை.

ஆபீசர் வெள்ளை வெளேரென்ற உடுப்பில் வந்தார். குழாயைத் திறந்தார். தண்ணீர் அக்காவின் குடத்தில் விழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நான் ஒரு கையில் வரவேற்புரை, மறு கையில் எரிகிற ஊதுபத்தி, கோயில் பூசாரி மாதிரி நடந்து வந்தேன். போதாததற்கு நுனியை ஊதி ஊதித் தணலைப் பெரிதாக்கிக்கொண்டு வந்தேன்.

"ஏலே! கிட்ட வராத!" என்றாள் அக்கா.

தம்பியின் பெருமையைப் பார்த்து வெட்கப்படுகிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். இன்னும் இரண்டு எட்டு வைத்தேன்.

"பத்தியோட வாரான்டி! ஓடுங்க!" என்று பின்னால் நின்ற ஒருத்தி கத்தினாள்.

குடங்கள் உருண்டன. பெண்கள் நாலாபக்கமும் ஓடினார்கள். பிரசிடெண்டின் மாலை அறுந்தது. ஆடுகள் மேடைமேல் ஏறின. அக்கா மட்டும் ஓடவில்லை. நிறைந்த குடத்தைத் தூக்கி என்மேல் ஒரே வீச்சாக வீசினாள். பத்தி அணைந்தது. பாதித் தண்ணீர் என்னைத் தாண்டிப் போய் ஆபீசரை உச்சி முதல் பூட்ஸ் வரை நனைத்தது. ஊரில் அந்தக் குழாய்த் தண்ணீரில் முதன்முதலாகக் குளித்தவர் அவர்தான்.

இத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. நிலைமையைச் சமாளிக்க வேண்டும் என்ற ஞானோதயம் எனக்கு அப்போதுதான் வந்தது. மைக்கைப் பிடித்தேன். காகிதத்தில் மை கரைந்து ஓடியிருந்தது. மனப்பாடமாக ஆரம்பித்தேன். "விருதுநகர் விட்டு விரைந்து வந்த வித்தகரே!" தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற மனிதரைப் பார்த்து, "வறண்ட வயலுக்கு வாய்த்த வான்மழையே!" என்றேன்.

மேடைக்குக் கீழே அக்கா. "கடைசி வரியச் சொல்லுலே! அத மட்டும் சொல்லு!"

எனக்குப் புகழ்ச்சி மட்டும்தான் வந்தது. நிறுத்தவும் தெரியவில்லை, தாண்டவும் தெரியவில்லை. ஆபீசர் ஜீப்பில் ஏறிவிட்டார். அக்கா ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்தாள்.

"ஐயா, சாயந்திரம் அரைமணி நேரம் தண்ணி விடச் சொல்லுங்கய்யா. பிள்ளையத் தொட முடியல."

"எழுதிக் கொடும்மா" என்றார் அவர். ஜீப் போய்விட்டது. அக்காவுக்கு எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்தவன் மைக் முன்னால் அப்போதும் வருக வருக என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

லாரி பெண்களை மறுபடி வேலைக்கு ஏற்றிப்போயிற்று. சரியாகப் பன்னிரண்டு மணிக்குத் தண்ணீர் நின்றது. மகா ஒழுங்கு.

இருட்டுகிற நேரம் நான் வீட்டுக்குப் போனபோது, அக்கா வாசலுக்கு வெளியே கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். ராணி வீட்டுக்குள்ளிருந்து இரண்டு கையையும் நீட்டி அழுதது. "கிட்ட வராத தாயி, அம்மா மேல மருந்து" என்று அக்கா பின்னால் பின்னால் நகர்ந்தாள். கிளார்க் வாழ்க்கையில் முதல்முறையாக இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்கு நடந்தேன். திரும்பி வருவதற்குள் பிள்ளை நிலைப்படியிலேயே விசும்பி விசும்பித் தூங்கிவிட்டது. அக்கா குளித்துவிட்டு வந்து அதைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

அதன் முடியைக் கோதிக்கொண்டே, "அந்த ஆபீசரு எம்புட்டு வெள்ளையா வந்தாருலே!" என்றாள். சிரித்தாள். எனக்கு அழுகைதான் வந்தது, ஆனால் நானும் சிரித்தேன்.

பிறகு நான் எழுதிக் கொடுத்தேன். பல தடவை எழுதினேன். விழாவைக் கெடுத்த பெண்களுக்கு என்ன சலுகை என்று போர்டு அத்தனையையும் கிடப்பில் போட்டுவிட்டது. ராணி தானே குடம் தூக்கும் வயதுக்கு வந்த பிறகு, வேறொரு போர்டு வந்து நேரத்தை மாற்றியது. புதுக் குழாய் போடவில்லை, புது மோட்டார் வாங்கவில்லை. உள்ளூர் ஆள் ஒருவரிடம் சாவியைக் கொடுத்து, சாயந்திரம் திறக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

இன்று எங்கள் வீட்டில் நான் எதற்கு வாயைத் திறந்தாலும், "கடைசி வரிய முதல்ல சொல்லுங்க" என்று சின்னப் பிள்ளைகள்கூடக் கத்தும். நர்ஸுக்குப் படித்த ராணியின் கல்யாணத்தில் நான் நாலு வார்த்தை பேச எழுந்தபோதும் பந்தலே அப்படித்தான் கத்தியது. ராணிதான் முதலில் கத்தியவள். சிரித்து முடித்துவிட்டு மாப்பிள்ளையிடம் சொன்னாள்: "எங்கம்மா அப்பவே அப்படித்தான், பயங்கரக் கண்டிப்பு. வேலைவிட்டு வந்தா என்னையக் கிட்டயே சேக்க மாட்டாக. தூக்குன்னு நான் அழுவேனாம், தள்ளித் தள்ளிப் போவாகளாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் ஏன் தள்ளித் தள்ளிப் போனாள் என்பதைச் சொல்லிவிடலாம் என்று நான் மைக்கை நெருங்கினேன். அக்கா என்னைப் பார்த்து, மெதுவாக, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.