பாக் ஹசனின் கொடிக்கு நான் வைத்த நீலம்

தெரியாத வேலையைச் செய்து கெடுத்தவனை உலகம் மன்னித்துவிடும். நன்றாகத் தெரிந்த வேலையை, யாரும் கேளாமலே செய்து கெடுத்தவனை என்ன செய்வதென்று அதற்கே தெரியாது. நான் இரண்டாவது வகை.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது (பள்ளிக்கூடம் தப்பியது என்பாள் என் மனைவி). ஆனாலும் இன்று சிட்னியில் சொந்தத் தையல்கடை, சொந்த வீடு. நான் தைத்ததைப் பிரிக்கப் போனால் துணிதான் கிழியும், நூல் அறாது. பெருமைக்குச் சொல்லவில்லை, கதைக்குத் தேவை.

எழுபதுகளின் நடுப்பகுதி. சிட்னியின் மாரிக்வில் பகுதியில் ஒரு உடுப்புத் தொழிற்சாலையில் தைத்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து மனைவி இராசாத்தியும் கைக்குழந்தையும் அடுத்த மாதம் வந்திறங்கப் போகிறார்கள். எனக்கோ நாலு பேர் படுக்கும் ஓர் அறை. குழந்தை என்றதும் வீட்டுக்காரர்கள் எல்லோரும் கதவைச் சாத்தினார்கள். சாத்தாத ஒரே மனிதர் பாக் ஹசன், கப்பலில் வேலை செய்து ஓய்ந்த இந்தோனேசியர். ('பாக்' என்றால் அவர்களுடைய 'ஐயா'.) வீட்டின் பின்பாதியைத் தருவதாகச் சொல்லியிருந்தார். சாவி இன்னும் தரவில்லை.

அந்த ஆகஸ்டில் ஒரு பழைய கொடியோடு வந்தார்.

"பதினேழாம் திகதி எங்கடை சுதந்திர தினம். இதை அயன் பண்ணித் தா. வேறை ஒண்டும் வேண்டாம்." (இருவரும் பேசியது ஓட்டை ஆங்கிலம். தமிழில் தருகிறேன்.)

அதோடு விடுகிற ஆளா நான்? மேலே சிவப்பு, கீழே வெள்ளை, அதன் ஓரம் முழுக்கக் கிழிசல். கிழிசலில் நீல நூல்கள் தொங்கின. மூன்றாவது பட்டையை எலி தின்றுவிட்டது என்று முடிவுகட்டினேன்.

அறைத்தோழன் செல்வம் தடுத்தான். "அண்ணை, அந்த மனுசன் அயன் பண்ணத்தானே தந்தவர்? ஒருக்காக் கேட்டுப்போட்டுச் செய்யுங்கோவன்."

"உனக்குத் தையலைப் பற்றி என்னடா தெரியும்? ஒரு நாட்டின்ரை கொடி கிழிஞ்சு கிடக்குது!"

அதே நீலத்தில் துணி தேடினேன். இரட்டைத் தையல் போட்டேன். சிவப்பு மட்டும் வெளியே தெரிய மடித்துக் கொடுத்தேன். விரித்துப் பார்த்ததும் மனிதர் கண்கலங்குவார் என்று நம்பினேன். அந்தக் கணிப்பு மட்டும் பொய்க்கவில்லை.

பதினேழாம் திகதி அவருடைய பின்வளவு நிறையச் சனம். மஞ்சள் சோற்றைக் கோபுரமாகக் குவித்திருந்தார்கள். எல்லோரும் எழுந்து நின்று பாட, மடிப்புக் கலையாமலே கொடி மேலே போனது. காற்று விரித்தது. சிவப்பு. வெள்ளை. நீலம்.

பாட்டு பாதியில் நின்றது. நான் கைதட்டினேன்.

"ஆரின்ரை வேலை இது?" என்றார் பாக் ஹசன்.

"என்ரைதான்! இனிப் பேரப்பிள்ளையள் காலத்திலும் பிரியாது."

அவருடைய ஆஸ்திரேலிய மனைவி மார்கரெட் என் கையைப் பிடித்து இறக்கினாள். "பேசாமல் நில். அது ஒல்லாந்துக் கொடி."

எங்கள் யாழ்ப்பாணக் கோட்டையில் குந்தியிருந்தார்களே, அதே ஒல்லாந்தர், டச்சுக்காரர். மிச்சத்தையும் அவள் காதுக்குள் சொன்னாள். நாற்பத்தைந்தாம் ஆண்டு யப்பான் சரணடைந்ததும் இவர்களுடைய தலைவர்கள் சுதந்திரத்தை அறிவித்துவிட்டார்கள். யப்பானுக்கு முன் அங்கே ஆண்ட ஒல்லாந்தர் திரும்ப வந்து ஆளப் பார்த்தார்கள். சிட்னியில் நின்ற அவர்களுடைய கப்பல்களை விட்டு இந்தோனேசிய மாலுமிகள் இறங்கினார்கள்; இங்கத்தைய துறைமுகத் தொழிலாளரும் சாமான் ஏற்ற மறுத்தார்கள். இறங்கும்போது கப்பல் கொடியைக் கழற்றி, நீலத்தைக் கிழித்தெறிந்தவர் பாக் ஹசன். மிச்சமிருந்த சிவப்பும் வெள்ளையும்தான் இந்தோனேசியாவின் கொடி.

அவர் கிழித்துத் துரத்தியவர்களை நான் இரட்டைத் தையல் போட்டுக் கூட்டி வந்திருந்தேன். இராசாத்தி குழந்தையும் பெட்டியுமாகத் தெருவில் நிற்பது என் கண்ணுக்குத் தெரிந்தது.

பாக் ஹசன் கொடியை இறக்கி நீலத்தைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இன்னும் இரண்டு பேர் வந்து இழுத்தார்கள். அசையவில்லை. (அந்த நேரத்திலும் உள்ளே எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.) மார்கரெட் கத்தரிக்கோலோடு ஓடிவந்தாள்.

"வேண்டாம்! அண்டைக்குக் கப்பலிலையும் கையாலைதான் கிழிச்சனான்" என்றார் பாக் ஹசன்.

நான் முழங்காலில் விழுந்து, தையலுக்குக் கீழே நீலத் துணியைப் பல்லால் கடித்து ஒரு சின்னக் கிழிசல் போட்டுக் கொடுத்தேன். அவர் ஓங்கி இழுத்தார். பர்ரென்ற சத்தம்!

"மெர்டேக்கா!" விடுதலை என்று வளவே கத்தியது. அந்தக் கதையைக் கேட்டு மட்டுமே வளர்ந்த பிள்ளைகள் மீதி நீலத்தைப் பிய்த்துக்கொண்டு ஓடினார்கள். பாக் ஹசன் வயிற்றைப் பிடித்துச் சிரித்தார், கண்ணில் தண்ணீர். சாவியை எடுத்து என் சட்டைப் பையில் போட்டார்.

"வீட்டிலை எதையும் திருத்தாதை" என்றார்.

இன்றும் நான் வீட்டில் ஒரு சுத்தியலைத் தொட்டால் போதும், குசினியிலிருந்து இராசாத்தியின் குரல் வரும்: "இஞ்சாருங்கோ, நீலம் வைக்கப் போறியளோ?" பேரப்பிள்ளைகளும் சேர்ந்து சிரிப்பார்கள்.

சிரிக்கட்டும். அந்தக் கொடியின் ஓரத்தில் இன்னும் ஒரு மெல்லிய நீலக்கோடு இருக்கிறது. கிழிந்தது துணிதான், என் நூல் அறவில்லை.